ஃப்ரிட்ஜ் மூடிய கிறிஸ்துமஸ்

போன வருஷம் இருபத்தாறாம் தேதி
ஃப்ரிட்ஜ் கதவு மூடவில்லை.
நாற்காலியைச் சாய்த்து முட்டுக்கொடுத்தோம்.
உள்ளே பிரியாணி, அதன்மேல் பிரியாணி,
மூன்று வீட்டிலிருந்து வந்த பிளம் கேக்,
நாலாவது வீட்டுக்குக் கொடுக்க மறந்த பிளம் கேக்.
இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி
எங்கள் அயனாவரம் தெருமுனைத் தொட்டிக்கு
ஒன்றரைக் கிலோ கறியைத்
திருடியைப் போல எடுத்துப்போனேன்.
நாய்கள் மட்டும் ஆமென் சொல்லின.

கார்டு தவணை ஜூலையில் முடிந்தது.
ரியோவுக்கு வாங்கிய ரிமோட் கார்
ஜனவரியிலேயே முடிந்திருந்தது.

எபி அத்தான் வீட்டுக்கு
எப்போதோ நான் கொடுத்த டின்னர் செட்
மூன்று வீடு சுற்றி
என்னிடமே திரும்பி வந்ததும் போன வருஷம்தான்.
ரிப்பன் மாறியிருந்தது.
உள்ளே, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில்,
என் கையெழுத்தில் வாழ்த்து அட்டை.

இந்த டிசம்பரில்
கீதபவனி வந்துபோன இரவு,
அவர்களுக்குப் போட்ட காபி டம்ளர்கள் கழுவாமல் கிடக்க,
குடும்ப வாட்ஸ்அப்பில் தட்டினேன்:
பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம்.
பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று.
சமையலைப் பங்கு போட்டுக்கொள்வோம்.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
கஞ்சம் என்பார்கள்,
இவள் வந்த பிறகுதான் இப்படி என்பார்கள்,
என்பார்கள் என்பார்கள் என்று
விரலே ஓய்ந்து அனுப்பிவிட்டது.
ஃபோனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்தேன்.

ஏழு நீல டிக்.
நாற்பது நிமிஷம்.
ஒரு எழுத்து இல்லை.

அப்புறம் மணி அடித்தது. தெபோராள் அண்ணி,
மொட்டைமாடியில் நின்று பேசும் குரல்:
"பியூலா, இதை யாராவது சொல்ல மாட்டாங்களான்னு
ரெண்டு வருஷமா பாத்துட்டு இருந்தேன்.
போன கிறிஸ்துமஸுக்கு வச்ச வளையல்
இன்னும் ஓட்டேரி அடகுக்கடைலதான் இருக்கு.
உங்கண்ணனுக்குத் தெரியாது."

அவள் கொடுத்த புடவைக்கு ஈடாக
நான் எடுத்த புடவை.
என் புடவைக்கு ஈடாக
அவள் வைத்த வளையல்.
யார் முதலில் ஆரம்பித்தோம், அண்ணி?
கேட்கவில்லை.
குக்கர் விசில் வந்தது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

இருபத்தைந்து.
அதிகாலை ஆராதனை முடிந்து பதினொரு பேர்.
ஒன்றரைக் கிலோ சீரகச் சம்பா, இரண்டு கிலோ கோழி.
எபி அத்தான் தூக்குவாளியில் தாளிச்சா,
அண்ணி கையால் ஒரு டப்பா கலகலா.
பரிமாறும்போது
"இன்னும் வச்சுக்கோங்க" என்றது வாய், பழக்கத்தில்.
கண் அண்டாவின் அடியை அளந்துகொண்டிருந்தது.
அத்தான் மூன்றாவது முறை வாங்குகையில்
கரண்டி அடியில் உரசியது.
கர்ர் என்று.
எல்லோருக்கும் கேட்டது.
என் முகம் சூடாயிற்று.

"அடிப்பிடிச்சது எனக்கு" என்றான் ரியோ.
"போடா, எனக்கு" என்றார் அத்தான்.
சுரண்டச் சுரண்டச் சண்டை.

மூன்று மணிக்கு யாரும் ஜெலூசில் கேட்கவில்லை.
ஹாலில் மல்லாந்து கிடக்க வேண்டியவர்கள்
பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினார்கள்.
பவுடர் இல்லை, கோலமாவு தூவினோம்.
அண்ணி சிவப்பைப் போட்டுவிட்டுக் கத்திய கத்தலில்
கீழ்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.
அவள் கையில் கண்ணாடி வளையல்கள்.
அண்ணன் பார்த்தானா, தெரியவில்லை.
அடுத்த ஆட்டத்துக்கு அவள் பக்கம் போய் உட்கார்ந்தான்.

ராத்திரி,
ஒரு கிண்ணம் தயிர்ப்பச்சடி, அரை எலுமிச்சை,
காலைக்கு இட்லி மாவு.
கதவு ஒரே தள்ளலில் டப் என்று மூடியது.
சும்மா இன்னொரு தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
இருபத்துநாலு சாயங்காலம்
பெரம்பூரில் ஒரு நட்சத்திரம் வாங்கினேன்,
நானூற்று எழுபது ரூபாய்.
பழையது நன்றாகத்தான் எரிகிறது.
பால்கனியில் இரண்டும் தொங்குகின்றன.
அவர் இன்னும் எண்ணவில்லை.
நானும் கணக்கில் எழுதவில்லை.