ஐந்து ஓட்டைகள்

கருவிப்பலகையில் ஐந்து வட்ட ஓட்டைகள்.
அவற்றின் வழியே தெரிகிறது
மிலோய்க்காவின் முழங்கை,
பல்லில் கடித்த சிவப்பு வயர்.

"மோட்டார் தயார். உயரமானி வந்தாச்சு.
ஏற்றமானி மட்டும் சுங்கத்தில்.
வியாழன் வா."
எந்த வியாழன் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

நானோஸ் மலைமேல் மேகம் திரள்கிறது.
பதிவெண்கூட இல்லாத ஒரு பருந்து
வட்டமடித்து ஏறுகிறது.
விற்ற என் திராட்சைத் தோட்டம்
ஹேங்கரில் போர்வைக்குள் தூங்குகிறது,
பதினெட்டு மீட்டர் இறக்கையோடு.

எல்லோரும் போனபின் ஏறி உட்கார்ந்து
கண்ணாடி மூடியைச் சாத்திக்கொண்டேன்.
புர்யா காற்று தகரக் கதவை உலுக்கியது.
இறக்கை நுனி லேசாய் நடுங்கியது.

ஐந்து ஓட்டைகளிலும் இருட்டு.
ஏறுகிறோம் என்றது முதுகு.
எத்தனை மீட்டர் என்றுதான்
அதற்குச் சொல்லத் தெரியவில்லை.