பெருவிரலை ஆட்டு

வின்னிபெக்கில், ஜனவரியில்,
கால் குளிர்ந்தால் யார் கவலைப்படுவது?
மைனஸ் முப்பத்திரண்டு.
பஸ் டிப்போவில் எல்லாருக்கும் இரண்டு காலும் குளிர்ந்தன.
எனக்கு ஒன்றுதான் குளிர்ந்தது.
மற்றது எதுவும் சொல்லாமல் கிடந்தது.

முதல்நாள் இரவே சுகிர்தா
தலைமயிர் உலர்த்தும் மெஷினை
வலது பாதத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.
தோல் சுட்டது. உள்ளே சுடவில்லை.
இரண்டு சோடி மேசு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போர்டேஜ் அவென்யூவில் பிரேக்கை மிதித்தேன்.
பஸ் நின்றது.
மிதித்தது நானா என்று தெரியவில்லை.
அடுத்த தரிப்பிடத்தில் ஓரங்கட்டி
கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன்:
காலைக் காணவில்லை.

மாரிசெல் என்ற தாதி ஜெல் பூசி
பேனா மாதிரி ஒன்றைப் பாதத்தில் நகர்த்தினாள்.
இடதில், மழையில் வைப்பர் ஓடுகிற சத்தம்.
வலதில், நிலையம் பிடிபடாத வானொலி.
கணுக்கால், முழங்கால் மடிப்பு என்று
ஏறி ஏறித் தேடினாள்.
தொடை மடிப்பில்தான் சத்தம் கிடைத்தது.
அங்கே கறுப்பு மையால் பெருக்கல் அடையாளம் போட்டாள்,
பஸ் இதுவரைதான் போகும் என்பதுபோல.

டொக்டர் கோவல்சுக் கட்டிலின் கால்மாட்டில் நின்று
"பெருவிரலை ஆட்டு" என்றார்.
ஐம்பத்தாறு வருசத்தில் எவரும் என்னிடம்
இவ்வளவு சின்னதாய் ஒன்று கேட்டதில்லை.
ஆட்டினேன்.
ஆட்டினேனா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.
கொஞ்சம் அசைந்ததாம்.
அசையாதிருந்தால் அப்பவே கத்தி.
அசைந்ததால் ஓர் இரவு கிடைத்தது,
கட்டியை மருந்து கரைக்கிறதா என்று பார்க்க.

ஆனால் நூறு பேருக்குக் கொடுத்தால்
ஒருவருக்கோ இருவருக்கோ மூளையில் கசியும் என்றார்.
நீட்டு பஸ்ஸில் நூறு பேர் பிடிக்கும்.
எந்த ஆசனம் என்று யோசித்தேன்.
சுகிர்தா கேட்டாள்,
"காலுக்காகத் தலையைப் பந்தயம் வைக்கிறதோ?"
அவளே பேனாவை எடுத்தும் தந்தாள்.

நல்ல காலில் துளை போட்டு
குழாயை மேலேற்றி, வயிற்றடியில் வளைத்து
மறுகாலுக்குள் இறக்கினார்கள்.
அவ்வளவு ஒடுக்கத்தில் யூ-டேர்ன்
நான் எடுத்திருக்கமாட்டேன்.

மடக்காதே. எழும்பாதே.
சவரம் இல்லை, பல் தீட்டலும் இல்லை.
சொட்டு. சொட்டு.
மணிக்கொருதரம் மாரிசெல்:
பெயர்? குகநேசன்.
ஊர்? வின்னிபெக்.
சிரி.
இரவு மூன்று மணிக்குச் சிரிக்கச் சொன்னால்
எப்படி வருமோ அப்படிச் சிரித்தேன்.
வாய் கோணவில்லை என்று எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கால் நோகத் தொடங்கியது.
நோவென்றால், எலும்புக்குள் எறும்புப் புற்று.
கத்தினேன்.
ஓடிவந்தவள் பேனாவை வைத்துக் கேட்டாள்,
முகம் முழுக்கப் பல்லாக நிமிர்ந்தாள்.
"நோகட்டும்" என்றாள், "நோகட்டும்."

விடியப் படம் எடுத்தார்கள்.
கட்டி போயிருந்தது.
அது அடைத்திருந்த இடத்தில்
குழாய் நூலாய் ஒடுங்கிக் கிடந்தது.
மருந்து நேற்றையதைக் கரைக்கும்.
இருபத்தெட்டு வருசச் சிகரெட்டைக் கரைக்காது.

ஆகவே கத்தியும் வந்தது.
இடது காலிலிருந்து ஒரு நாளத்தை உருவி
தலைகீழாய்த் திருப்பி வலதில் தைத்தார்கள்.
திருப்பாவிட்டால் உள்ளேயுள்ள கதவுகள்
இரத்தத்தை மறிக்குமாம்.
இதையெல்லாம் டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார்,
வழித்தட வரைபடம்போல,
எனக்கு அதுதான் விளங்கியது.

ஏப்ரலில், பனி சேறாய்க் கிடந்த ஒரு காலை,
கிளினிக்குக்குப் பயணியாகப் போனேன்.
முன் ஆசனம்.
ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வர
ஓட்டுநர் பிரேக் அடித்தான்.
அதற்கு முன்னமே என் வலது கால்
தரையை மிதித்திருந்தது.

அவன் கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டான்.
"குகன் அண்ணை! கால் எப்படி?"
"சின்னவிரலைத் தவிர
மற்ற எல்லாரும் சுகம்" என்றேன்.