செவ்வாய்த் தவணை

நாலரைக்கு வந்துவிடுவான் தவணைக்காரப் பையன்.
மூன்றே முக்காலுக்குத்தான் பார்த்தேன்,
குண்டாவில் நேற்று ராத்திரிச் சோறு.
பல்லடத்தில் புரோட்டா தின்றுவிட்டு வந்து
பசியில்லை என்று இவர் படுத்துக்கொண்ட மிச்சம்.
நாலு பிடி இருக்கும்.
புளிக்கவில்லை;
புளிக்கலாமா என்று யோசிக்கிற வாசம்.

கொட்ட மனசில்லாமல் இல்லை.
இருநூற்று எண்பது ரூபாய் குறைகிறது.
சும்மா இருந்தால் கை விரல்விட்டு எண்ணும்.
அதனால் பிசைந்தேன்.

ஈரம் நின்றால் எண்ணெயில் பிரிந்துபோகும்.
பிழிந்து,
பொட்டுக்கடலை ஒரு கை, மிக்ஸியில் ஒரே சுற்று,
சின்ன வெங்காயம், மிளகாய் மூன்று,
உறைக்கட்டும் என்று நாலாவது.
பூவாத்தா வீட்டுக் கறிவேப்பிலையில்
வேலிக்கு இக்கட்டால் நீண்ட கிளை
என் கணக்கு.

முதல் வடை பிரிந்தே போனது.
இன்னும் கொஞ்சம் மாவு. உள்ளங்கையில் தட்டி
இரண்டாவதை விட்டபோது கரண்ட் போனது.
தெரு முழுக்கத் தறி நின்றது.
என் வாணலி மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது.

எட்டுப் பேர் குழு.
ஒருத்தி குறைத்தால் எட்டுப் பேரும் எழக்கூடாது.
போன மாசம் மல்லீஸ்வரிக்கு நடந்ததை
நானும்தான் உட்கார்ந்து பார்த்தேன்,
நாலு வார்த்தை நானும்தான் பேசினேன்.
இன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.
வாயில் வடை, சூடு.

ராசிபுரத்துப் பையன், நவநீதன்.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆறு தின்றான்.
மத்தியானம் எங்கேயோ இரண்டு மணிவரை
நிற்க வைத்துவிட்டார்களாம்.
"என்ன மாவுங்க்கா இது?"
எட்டுப் பேரும் வட்டலைப் பார்த்தோம்.
"அதெல்லாம் உங்க நோட்டுல எழுத வேண்டாங் சாமி"
என்றாள் பூவாத்தா.
முந்தியை அவிழ்த்து இருநூறை வைத்தாள்,
என்னைப் பார்க்காமல்.

எண்பது நிலுவை என்றே எழுதினான்.
வேறென்ன எழுதுவான், பாவம்.
ரசீதில் அவன் கட்டைவிரல் எண்ணெய்
சரியாகச் சைபர் மேல்.
வெளிச்சத்தில் பிடித்தால்
அந்தப் பக்கம் காலண்டர் தெரிகிறது.

அடுத்த திங்கள் ராத்திரி
உலையில் அரிசி போடும்போது இவர் கேட்டார்,
"ரண்டு பேருக்கு எதுக்கு இத்தன?"

மிஞ்சட்டும் என்றேன்.