பத்தொன்பது நாள்

வியாழக்கிழமைதோறும்
மேசைமேல் ஸ்டூல் போட்டு ஏறி
அந்தப் பலகையைத் துடைப்பேன்.
தேக்கு. தங்க எழுத்து.
சுங்கை கெலாடி மாவட்ட அதிகாரிகள்,
வந்த தேதி, போன தேதி.

மேலே வெள்ளைக்காரர்கள் பதினொரு பேர்.
முதல் ஆள் பெல்ஹாம்,
ஈரத்துணியைக் கொஞ்சம் அழுத்தினால்
உதிர்ந்துவிடுவார்.
நாற்பத்தொன்று டிசம்பரில் ஒருவர் போகிறார்,
நாற்பத்தைந்து அக்டோபரில் இன்னொருவர் வருகிறார்.
நடுவில் ஒரு விரற்கடை வெறும் மரம்.
அந்த விரற்கடைக்குள்தான்
என் மாமனாரின் அண்ணன்கள் இரண்டு பேர்
சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பவில்லை.
அனுப்பியவன் பெயர்
எந்தப் பலகையிலும் இல்லை.

பிறகு துவான்கள், டத்தோக்கள்.
ஒருவர் ஆர்க்கிட் வளர்த்தார்.
ஒருவருக்கு என் பெயர் தெரியும்.
ஒருவர் மூன்று வருடத்தில்
நாலு நாற்காலி மாற்றினார்.
கழித்ததில் ஒன்று என் துடைப்ப அறையில்;
மத்தியான ரொட்டியை அதில் உட்கார்ந்துதான் தின்கிறேன்.
ஆளுகிற மாதிரி ஒன்றும் தோன்றவில்லை,
முதுகுதான் கொஞ்சம் நோகிறது.

எங்கள் கோப்பு எல்லார் மேசையிலும் இருந்தது.
அதையும் துடைத்திருக்கிறேன்.
எஸ்டேட்டை விற்று வேலி போட்ட பிறகு
சுடுகாட்டுக்கு வழியில்லை.
கேட்டது பன்னிரண்டு அடி.
பரிசீலிக்கிறோம் என்றவர்கள் ஏழு பேர்.
தவசிலிங்கத்தை லாரியில் ஏற்றி
நெடுஞ்சாலையைச் சுற்றி
டோல் கட்டிக் கொண்டுபோனோம்.
ரசீதில் வாகனம்: வகை இரண்டு.

அப்புறம் டத்தோ மாற்றலாகி
அடுத்தவர் வராத இடைவெளி.
இடைக்காலப் பொறுப்பு
நில இலாகாவின் புவான் ரோஸ்னானி.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்.
படித்துக்கொண்டிருந்தார்!
வாளியோடு நின்றுவிட்டேன்.
"அக்கா, இந்தப் பாதை எங்கே இருக்கு?"
ஜன்னலைத் திறந்து காட்டினேன்.
செம்பனைதான் தெரிந்தது.

தன் பழைய மைவியில் கூட்டிப்போனார்.
பாஜு கூரோங் விளிம்பெல்லாம் ஒட்டுப்புல்.
அளக்க எதுவும் இல்லை,
அவசரத்தில் நான் கையோடு கொண்டுவந்த
மாப்புக் கம்புதான்.
இரண்டு கம்பும் கொஞ்சமும்.
மறுவாரம் கையெழுத்து.

ஜூலை ஒன்று, புதியவர் வந்தார்.
பெயின்டர் வந்து பெயர் எழுதினான்.
"புவான் பேரு?" என்றேன்.
இடைக்காலத்தாரைப் பலகையில் ஏற்றுவதில்லை,
சுற்றறிக்கை அப்படி என்றார் தலைமைக் கிராணி.

சரி.
டத்தோ போனது ஜூன் பதினொன்று.
அதற்குக் கீழே, அடுத்த வரிக்கு மேலே
நகத்தளவு மரம் இருக்கிறது.
அதையும் துடைக்கிறேன்.
எழுத்தில்லை, உதிருமென்ற பயமில்லை,
நன்றாக அழுத்தலாம்.