துடைப்பம் இல்லாத மார்ட்டின்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவருக்கு விழா.
நகத்தில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்க
பதினோரு பேர் வந்திருந்தார்கள்
காவேரிப்பட்டணம் சாலையோரக் கோயிலுக்கு.
"இளைஞர்களுக்குப் பத்து நிமிஷம் பேசுங்க, பிலோமி சிஸ்டர்."
நான் கன்னியர் இல்லை.
கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ்.
அங்கே ஒட்டிய பெயர் இங்கேயும் உதிரவில்லை.
இரவு டூட்டி முடித்து நேராக வந்திருந்தேன்.

சுரூபத்தின் கையில்
சுண்டுவிரல் அகல ஓட்டை மட்டும் பாக்கி.
போன வெள்ளையடிப்பில் துடைப்பம் உடைந்துபோனது.
அதிலிருந்து யாராவது ஊதுபத்தி செருகுகிறார்கள்.
"மைக் பிடிச்சவரு மாதிரியே இருக்காரு" என்றான் டிக்சன்.
சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

லீமா என்று ஒரு நகரம்.
அப்பா ஸ்பெயின்காரர்,
அம்மா அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண்.
ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பெயருக்கு நேராக
'தெரியாது' என்று எழுதியிருந்ததாம்.
கடைசி பெஞ்சில் ஒருத்தி குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
அடுத்த வரிக்கு வேகமாகப் போனேன்.

முடிவெட்டப் படித்தார்.
அந்தக் காலத்தில் முடிவெட்டுகிறவர்தான்
காயம் கட்டுவதும், கட்டி கீறுவதும்.
பதினைந்து வயதில் மடத்துக்கு வந்தார்,
துறவியாக அல்ல, வேலையாளாக.
அந்த ரத்தத்துக்கு முழு உடுப்பு கிடையாதென்று சட்டம்.
ஒன்பது வருஷம் கூட்டினார், கழுவினார், மணியடித்தார்.
"மடத்துக்குள்ளயேவா சிஸ்டர்?"
"மடத்துக்குள்ளயேதான்."
வெளியே பெங்களூர் பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது.

அவர் காற்றில் மிதந்ததை நான் சொல்லவில்லை.
பூட்டிய கதவு வழியே போனதையும் சொல்லவில்லை.
ஓசூர் கம்பெனி வேனில் பதினெட்டுப் பேராக
தினம் போய் வருகிற பிள்ளைகளுக்கு
அது என்ன பெரிய அற்புதம்?

புண் வடிகிற பிச்சைக்காரரைத்
தன் கட்டிலில் படுக்கவைத்த கதையைச் சொன்னேன்.
விரிப்பு நாறுகிறதென்று கூட இருந்தவர் கோபித்தாராம்.
விரிப்புக்குச் சோப்பு இருக்கிறது,
விரட்டியடித்த மனசுக்கு எந்தச் சோப்பு என்றாராம்.
இங்கே எனக்குக் குரல் நின்றுவிட்டது.
விடிகாலை மூன்று மணிக்கு, நான்காம் வார்டில்,
புதிதாக மாற்றிய விரிப்பில் வாந்தியெடுத்த பெரியவரை
என்னவெல்லாமோ கத்தியிருந்தேன்.
அதையும் சொன்னேன்.
சொல்ல நினைத்து வந்ததல்ல.

மடம் கடனில் மூழ்கியபோது
"என்னை விற்றுக் கடனை அடையுங்கள்" என்று போய் நின்றாராம்.
எல்லாப் புத்தகத்திலும் இதைத் தாழ்ச்சி என்கிறார்கள்.
பிள்ளைகளே, இதை மட்டும் அவரிடம் படிக்காதீர்கள்.
ஏஜெண்ட் கொடுத்த முன்பணத்துக்காக
கிரானைட் பட்டறையில் இரண்டு வருஷம் அடைந்து கிடந்த
என் அண்ணனும் தாழ்ச்சியாகத்தான் இருந்தான்.
உங்களுக்கு விலை சொல்ல
உங்களுக்கே உரிமை இல்லை.
பங்குத்தந்தை கதவோரம் நின்றிருந்தார்.
இருமினார். மறுக்கவில்லை.

கடைசியாக அந்தத் தட்டு.
நாய், பூனை, எலி மூன்றுக்கும்
ஒரே தட்டில் சோறு வைப்பாராம், சண்டையில்லாமல் தின்னுமாம்.
"எங்க ஊரு டீக்கடைக்கு எலியே பரவால்ல" என்றாள்
செருப்பு வாரைச் சரிசெய்த அந்தப் பெண்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
இரண்டு பேர் சுவரைப் பார்த்தார்கள்.
யார் என்று எனக்குத் தெரியும்,
அவர்களுக்கும் தெரியும்.

காகிதக் கப்பில் டீ வந்தது.
எல்லோரும் போன பிறகும் டிக்சன் நின்றான்.
எரிந்த குச்சியை ஓட்டையிலிருந்து உருவினான்,
சாம்பலை ஊதினான்.
"அம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. நகராட்சியில குடுத்தது."
மூன்று வருஷமாக அவன் அம்மாவுக்கு
'ஆபீஸ் வேலை'தான் இந்தக் கோயிலில்.
முழங்கையால் சுரூபத்தை அளந்தான்.
"ஆனா அது ரொம்ப உயரம் சிஸ்டர். பொருந்தாது."
"யாருக்கு?" என்றேன்.

பத்து நிமிஷம் அரைமணி நேரமாகியிருந்தது.
மாந்தோப்பில் பனி விலகவில்லை.
ராத்திரி எனக்கு மறுபடி நான்காம் வார்டு.