எர்த் ஃபால்ட்

எண்ணூர்க் கழிமுகத்தில்
அனல்மின் புகைபோக்கிக்கு வடக்கே
இருநூறு வருஷத்து உப்புக் கிட்டங்கி.
கூரை பாதி, சுவர் முழுசு.
அந்தச் சுண்ணாம்புக் காரையில் ஆணி இறங்காது,
இறங்கினால் திரும்ப வராது.
அதன்மேல் நாற்பத்தெட்டு ஃபோகஸ் லைட் மாட்டுவது
என் வேலை.

வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் எல்லாம் இப்போதே திறந்தாயிற்று:
நீலத் தண்ணீர், கண்ணாடிப் பாலம்,
கயாக்கில் சிரிக்கிற குடும்பம்,
நேரான மூக்கோடு ஒரு பூநாரை.
வரைந்தவன் ஒருநாளும் பார்த்ததில்லை போல.
‘இயற்கையோடு ஒரு மாலை. தலைக்கு அறுநூறு.’
ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் ஆறு
சாம்பல் கரைத்த நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வளைவில் கேபிள் இழுக்கக்
கைவிட்ட பொந்தில்
ஏதோ சீறியது.
பாம்பென்று ஏணியோடு சாயப் பார்த்தேன்.
டார்ச் அடித்தால்
அரசிலை அரசிலையாய் நாலு வெள்ளை முகம்.
கூகைக் குஞ்சுகள்.
காலடியில் எலி மண்டைகள், சுத்தமாய், சோழி மாதிரி.

‘இன்னாபா மேல?’ என்றான் தேசிங்கு.
‘ஒண்ணுமில்ல. பொந்து.’

சனிக்கிழமை ட்ரையல்.
சுவர் முதலில் ஊதா, அப்புறம் பச்சை,
அப்புறம் கல்யாண மண்டபச் சிவப்பு.
ஸ்பீக்கர் வரலாறு சொன்னது.
கப்பல் வந்தது, துரை வந்தார், கஜானா நிறைந்தது;
உப்பு சுமந்தவர்கள் கடைசிவரை வரவில்லை.

அலையாத்தியில் அடைந்திருந்த நாரைகள்
மொத்தமாய் எழும்பி
இருட்டு எங்கே என்று வட்டமடித்தன.
தெற்கே அனல்மின், வடக்கே துறைமுகம்,
இருட்டு என்று மிச்சம் இருந்ததே
இந்த மூன்று ஏக்கர்தான்.
தாய்க்கூகை அலகில் எலியோடு
வெளிச்சத்தின் ஓரம்வரை வந்தது. திரும்பியது.
மறுபடி வந்தது.
மறுபடி.

இடுப்பளவுத் தண்ணீரில்
கையால் இறால் தடவிக்கொண்டிருந்த செஞ்சம்மா
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே கத்தினாள்:
‘யோவ், அத்த அமுத்துய்யா!
இறா பூரா சேத்துக்குள்ள பூந்துகிச்சு.’

இருபத்திரண்டு வருஷத் தொழில்.
ஃபால்ட் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு
ஃபால்ட் வைக்கவும் தெரியும்.
எந்த ஒயர், எந்தத் திருகு
என்பதை இங்கே எழுதமாட்டேன்.

டப்.

மேனேஜர் ஓடிவந்தார்.
‘எர்த் சரியில்ல சார்’ என்றேன்.
‘உப்பு மண்ணு. புடிக்காது.
குழி தோண்டணும், கரி கொட்டணும், ஊறணும்.
லைட்டப் போட்டா செவுத்துல ஷாக் அடிக்கும்,
பப்ளிக் வர எடம்.’
உப்பு மண்ணில் எர்த் தேனாய்ப் பிடிக்கும்.
அது அவருக்குத் தெரியாது.
ஆனாலும் சொல்லும்போது
பொய் சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

கூகை பறக்க அறுபது நாளாம்,
என் மகன் போனில் பார்த்துச் சொன்னான்.
நான் குழி தோண்டுகிறேன்.
ஒருநாள் கரி வரவில்லை, ஒருநாள் தேசிங்குக்குக் காய்ச்சல்,
ஒருநாள் நிஜமாகவே மழை.
குப்பத்துக்காரர்கள் மனு எழுதி
கையெழுத்து கேட்டு வந்தார்கள்.
எழுபதாயிரம் பாக்கி நிற்கிறது எனக்கு.
போடவில்லை.
செஞ்சம்மா பெருவிரலை மையில் அமுக்கிவிட்டு
என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வேறு ஆள் வரப்போகிறான்,
கையில் மீட்டரோடு.
ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான்.
நானாயிருந்தாலும் ஐந்து நிமிஷம்தான்.

இன்று நாற்பத்தொன்று.
சாயங்காலம் ஏறிப் பார்த்தபோது
பொந்தில் மூன்று முகம்.
நாலாவது வெளியே வந்து
வளைவின் விளிம்பில்
நான் ஆணிக்குக் குறித்துவைத்த சாக்பீஸ் புள்ளிமேல் நின்று
ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தது.