கூரையில் இடைவெளி

கூரை அடர்த்தியாக இருக்கக் கூடாது.
இராவில் அண்ணாந்தால் வெள்ளி தெரியவேண்டும்.
ஏழு நாள் அதற்குள்தான் சாப்பாடு, படுக்கை.
யூதரின் கூடாரப் பண்டிகையை
ஞாயிறு பள்ளியில் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்.
கரும்பலகையில் படமும் கீறினேன்.

பிள்ளைகள் கண்ணால் காணட்டும் என்று
கோயில் முற்றத்தில் ஒன்று கட்டத் தீர்மானம்.
கிடுகுக்கு மல்லாகம் முகாமுக்குப் போனேன்.
"கோயிலுக்குத்தானே" என்றேன்.
நூறு ரூபாய் குறைந்தது.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு
அவ்வளவு பெறுமதி.

கட்டித்தர லோகநாயகியே வந்தாள்.
மயிலிட்டிக்காரி. இருபத்தாறு வருடம் முகாமில்.
கை தானாக நெருக்கி நெருக்கி முடிந்தது.
"இடைவெளி விடுங்கோ" என்றேன்.
"ஒழுகுமே ரீச்சர்."
"ஒழுகத்தான் வேணும்.
நாங்கள் வனாந்தரத்தில் அலைஞ்சதை மறக்காமலிருக்க."

நாங்கள்.
தொண்ணூற்றைந்தில் ஆறு மாதம்
சாவகச்சேரியில் மாமி வீட்டில் இருந்தேன்,
மின்விசிறி இல்லாமல்.
அதை நம்பி வாயில் வந்த சொல்.

"மழை பெய்தால்?"
எனக்குப் பிடித்த இடம் அது. உற்சாகமாகச் சொன்னேன்:
கறிச்சட்டிக்குள் தண்ணீர் விழுந்து கெடுமளவு பெய்தால்
எழும்பி வீட்டுக்குப் போகலாம்.
கடவுள் கோபிக்கமாட்டார்.
சட்டத்திலேயே இருக்கிறது.

பல்லில் கயிற்றைக் கடித்தபடி கேட்டாள்:
"எந்த வீட்டுக்கு?"

குத்தலாக அல்ல.
விளங்காத பிள்ளை கேட்பதுபோல.

கோயிலுக்குப் பின்னால் பன்னிரண்டு பரப்பு வளவு.
முள்ளுக்கம்பி, இரண்டு பலா,
உப்புக் கரிக்காத கிணறு.
இரண்டு வருடத்துக்கு முன்
ஏழு குடும்பங்கள் கடிதம் எழுதின,
திரும்பிப் போகுமட்டும் இருக்க விடுங்கோ என்று.
"ஜெபத்தில் வைப்போம்" என்றது செயற்குழு.
கூட்டக்குறிப்பை எழுதியவள் நான்,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே உருண்டைக் கையெழுத்தில்.
இன்னமும் ஜெபத்தில்தான் இருக்கிறது,
பச்சைக் கோப்பில்,
மேலிருந்து மூன்றாவதாக லோகநாயகியின் பெயருடன்.

நோன்பிருந்து மார்பில் அடித்துக்கொள்ளும் நாள் ஒன்று
அந்தப் பண்டிகைக்கு ஐந்து நாள் முந்தி வருமாம்.
அடித்த கை ஆறுமுன்
முளை அறையப் போகவேண்டும் அவர்கள்.
நான் அதை இரண்டு தனிப் பாடமாக நடத்தினேன்.
சோதனையும் வைத்தேன்.
எல்லாரும் சித்தி.

ஞாயிறு பின்னேரம் ஐப்பசி மழை அடித்து ஊற்றியது.
பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார்கள்.
போதகர் ஜன்னலைச் சாத்தினார்.
அவள் மாத்திரம் கூடாரத்துக்குள் நின்று
எங்கள் இடைவெளி ஒவ்வொன்றாய்
உரப்பை கிழித்துச் செருகிக்கொண்டிருந்தாள்.
நாளைக்குக் கழற்றப்போகிற கூரை அது.
கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதாம்.

வளவுக் கேற்றின் திறப்பு என் கைப்பையில் இருக்கிறது.
செயலாளர் வைத்திருப்பது வழக்கம்.
துருப்பிடிக்காமல்
பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன்.